கடலில் ஓடும் மலைகள்

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறியவர்களிடம், "மலை கடலில் ஓடும்" என்றால் சிரிப்பார்கள். ஆனால் ஓடியது உண்மை! நீலகிரி, ஹிம்கிரி, உதயகிரி, துனகிரி, தாராகிரி, விந்தியகிரி என்று நம் கடற்படையில் ஆறு போர்க்கப்பல்கள் இருந்தன. கொல்லிமலைக்கு அந்த வரிசையில் இடமில்லை. நம் ஊட்டி மலைக்கோ முதலிடம்!

இவை 'பிரிகேட்' வகை. நீர்மூழ்கிகளைத் தேடி விரட்டுபவை. பிரிட்டனின் 'லியாண்டர்' மாதிரியில், பம்பாய் மஜகான் தளத்தில் கட்டியவை. கடைசி இரண்டில் பெரிய ஹெலிகாப்டரும் நிற்க நம்மவர்களே இடம் செய்தார்கள்.

113 மீட்டர் நீளத்துக்குள் 250 பேருக்கு மேல் குடித்தனம்! அடுக்குக் கட்டிலில் தூக்கம். முறைவைத்து இரவும் பகலும் காவல். கடல் எப்படிக் கொந்தளித்தாலும் வேளைக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. கப்பலைப் பெண் கையால் நீரில் இறக்குவது சம்பிரதாயம். 1968 அக்டோபர் 23-ல் நீலகிரியை இறக்கியவர் பிரதமர் இந்திரா காந்தி. இறக்கி வைக்கலாம், ஏறி வேலை பார்க்க அன்று பெண்ணுக்கு இடமில்லை. கரையில் நின்று கடிதத்துக்குக் காத்திருப்பதுதான் அவள் பங்கு.

1972-ல் சேவைக்கு வந்த நீலகிரி 1996-ல் ஓய்வு பெற்றது. மறு ஆண்டு, நம் கடற்படையின் ஏவுகணைப் பயிற்சிக்கே இலக்காகி மூழ்கியது.

பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்போம் அல்லவா? 2025 ஜனவரி 15-ல் புதிய நீலகிரி கடற்படையில் சேர்ந்தது. அதில் பெண் அதிகாரிகளும் பெண் மாலுமிகளும் தங்க அறைகள் உண்டு. பாட்டி தராத இடத்தைப் பேத்தி தந்துவிட்டாள்!