பார்வையாளரிடம் மருந்து கேட்காதீர்கள்

குறும்படத்தின் முதல் தொகுப்பு முடிந்ததும் வகுப்புத் தோழர்களை உட்காரவைத்துப் போட்டுக்காட்டு, கருத்துப் படிவத்தை நீட்டு, பெரும்பாலோர் எழுதியபடி திருத்து, படம் தேறிவிடும். திரைப்படம் பயிலும் மாணவர்களிடம் இந்த நம்பிக்கை வேரூன்றிவிட்டது. பார்வையாளர் பொய் சொல்ல மாட்டார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவருக்குத் தெரிவது வலி; காரணம் அல்ல. படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் இதற்குச் சொல்லும் உதாரணம் பிரபலமானது: நோயாளி முழங்கை வலிக்கிறது என்பார், நரம்பு நசுங்கியிருப்பதோ தோளில். பன்னிரண்டு நிமிடப் படத்தில் ஏழாவது நிமிடம் இழுக்கிறது என்று பத்துப் பேர் எழுதினால், மாணவர் அங்கேதான் கத்தரி வைப்பார். ஆனால் கதையில் மகன் ஊரைவிட்டுப் போகிறான் என்ற செய்தி இரண்டாவது நிமிடத்தில் பின்னணி இரைச்சலில் அமுங்கிப்போயிருக்கும். அது தெரியாதவருக்கு ஏழாவது நிமிடத்தில் தாய் வாசலில் காத்திருப்பது வெறும் காத்திருப்பு. கோளாறு ஒலிக்கலவையில், வெட்டுப்படுவதோ தாயின் காட்சி.

பெரிய ஸ்டுடியோக்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 1942 மார்ச்சில் ஆர்சன் வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ கலிஃபோர்னியாவின் பமோனாவில் முன்னோட்டமாகத் திரையிடப்பட்டது. சோகமான இடங்களில் சிலர் சிரித்தார்கள். இயக்குநர் அப்போது பிரேசிலில் இருந்தார். ஆர்கேஓ நிறுவனம் நாற்பது நிமிடத்துக்கும் மேல் வெட்டி, வேறொரு இனிய முடிவை எடுத்து ஒட்டியது. வெட்டிய பகுதிகள் பிறகு அழிக்கப்பட்டன. இன்று யார் நினைத்தாலும் மீட்க முடியாது. ‘பிளேடு ரன்னர்’ படத்துக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் கூடுதல். முன்னோட்டத்தில் பார்த்தவர்கள் குழம்பினார்கள் என்று 1982இல் விளக்கக் குரலும் இனிய முடிவும் ஏற்றப்பட்டன. 1992இல் வந்த இயக்குநர் பதிப்பு இரண்டையும் இறக்கிவைத்தது.

அப்படியானால் யார் பேச்சையும் கேட்காத அகந்தைதான் கலையா என்று கேட்பார்கள். இல்லை. ‘ஜாஸ்’ முன்னோட்டத்தில் சுறா முதன்முதலாகத் தலைதூக்கும் இடத்தில் அரங்கு அலறியது. இயக்குநர் ஸ்பீல்பெர்க்குக்கு இன்னும் ஓர் அலறல் வேண்டியிருந்தது. உடைந்த படகின் துளையிலிருந்து பிணத்தின் தலை எட்டிப்பார்க்கும் காட்சியை, தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்தில், கடல்போலக் கலங்கித் தெரியத் தண்ணீரில் பால் கலந்து எடுத்துச் சேர்த்தார். பிணத்தலை வேண்டும் என்று எந்தப் பார்வையாளரும் கேட்கவில்லை. அரங்கின் உடல் சொன்னதை இயக்குநர் படித்தார், மருந்து அவருடையது.

‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ என்ன ஆயிற்று என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். நாயகி தற்கொலை செய்துகொள்ளும் முடிவு முன்னோட்டப் பார்வையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பாத்திரத்தில் நடித்த கிளென் குளோஸ் எதிர்த்தும் முடிவு மாற்றப்பட்டது. 1987இல் படம் வசூலைக் குவித்தது. ஆனால் அந்த ஸ்டுடியோ தீர்த்துக்கொண்டது வணிகக் கணக்கு. மாணவர் படத்துக்கு டிக்கெட்டே கிடையாது. தான் நினைத்தது திரையில் வந்து சேர்ந்ததா என்பது ஒன்றுதான் அவர் அறிய வேண்டியது. அதற்குப் ‘பிடித்ததா’, ‘எதை மாற்றலாம்’ என்ற கேள்விகள் உதவா. நண்பர்களிடம் கேட்டால் முகத்துக்காக நாலு நல்ல வார்த்தை வரும், அவ்வளவுதான். படம் ஓடும்போது திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எந்த நொடியில் யார் கைப்பேசியை எடுக்கிறார்கள் என்று குறிக்கட்டும். முடிந்ததும் கதையை நான்கு வரியில் எழுதச் சொல்லட்டும். மகன் போனது அந்த நான்கு வரியில் இல்லையென்றால், தொகுப்பு மேசையில் திறக்க வேண்டியது இரண்டாவது நிமிடம்.