இடியப்பத் தட்டும் கணக்குக் கொப்பியும்

"கணக்கு எங்கள் பரம்பரைக்கே ஒத்துவராது" என்று பிள்ளைகளின் முன்னிலையிலேயே சொல்லும் அன்னையர் நம்மிடையே பலர். சமைக்கத் தெரியாது என்று சொல்ல நாணுகின்ற நாம், கணக்குத் தெரியாது என்று சொல்வதற்கு மட்டும் நாணுவதில்லை. பக்கத்தில் நின்று அதனைக் கேட்கும் ஏழு வயதுக் குழந்தை, தனக்கும் அது வராதென்று அன்றைக்கே தீர்மானித்துவிடுகின்றது.

நுகேகொடையில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு தாய் அண்மையில் தம் மகளைப் பற்றி மிக்க கவலையோடு பேசினார். இரண்டாந் தரத்திற் படிக்கும் அச்சிறுமி, மாலையில் கணக்குக் கொப்பியைக் கண்டதுமே வயிற்றுவலி என்று படுத்துவிடுகின்றாளாம். முதல்நாள் 15இலிருந்து 8ஐக் கழிக்கச் சொன்னதற்கு ஒரு மணி நேரம் அழுதிருக்கின்றாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் அவள் இடியப்பம் பரிமாறிக்கொண்டிருந்தாள். தட்டில் இருந்தவை 15. தகப்பனாருக்கு 5, தமையனுக்கு 3 வைத்தாயிற்று. மிகுதி எத்தனை என்று கேட்டேன். தட்டைப் பாராமலே "ஏழு" என்றாள்.

"எப்படிக் கண்டாய்?"

"அப்பாவுக்கு வைத்ததும் பத்து இருந்தது. அண்ணாவுக்கு மூன்று போனால் ஏழுதானே, மாமி?"

முதல்நாள் அவளை அழவைத்த கணக்கும் இதுவேயன்றோ! தாய் வாயடைத்து நின்றார்.

இது அவ்வீட்டுக்கு மட்டும் உரிய புதுமையன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்துச் சந்தைகளில் வியாபாரஞ் செய்த சிறுவர்களைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தேங்காய் விற்ற ஒரு சிறுவனிடம், காயொன்று 35 வீதம் 10 காய்களுக்கு என்ன விலை என்று கேட்டார்கள். 35க்குப் பின்னால் ஒரு பூச்சியத்தைச் சேர்ப்பதே பாடசாலை காட்டும் வழி. அவனோ மூன்று காய்க்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, மேலும் மூன்றுக்கு 315, ஒன்றைக் கூட்டினால் 350 என்று தன் வழியிற் சென்று சேர்ந்தான். சந்தையிற் கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகளைச் சரியாகச் சொன்ன அச்சிறுவர்கள், அதே எண்களை வெறுங் கணக்காகத் தாளிற் கொடுத்தபோது நூற்றுக்கு 37ஐ மட்டுமே சரியாகச் செய்தனர். அறிவு குறைந்துவிடவில்லை, தாளைக் கண்டதும் தம் வழியைக் கைவிட்டார்கள், அவ்வளவே.

ஆகையால் பிள்ளை விடை சொன்னதும், சரியா பிழையா என்று கூறுமுன் "எப்படிக் கண்டாய்?" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேளுங்கள். பிழைக்கு மட்டும் கேட்டால் அக்கேள்வியே பிரம்பாகிவிடும். விரல்விட்டு எண்ணுவதையும் குற்றமாகக் கொள்ளாதீர்கள்.

கணக்குக்கு அஞ்சும் தாய்மார் கொப்பியோடு நாள்தோறும் உட்காருவது நன்றா? சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட முடிவு சற்றுக் கசப்பானது. கணக்கென்றால் அஞ்சும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவினால், பிள்ளைகள் அவ்வாண்டில் குறைவாகவே கற்றனர். அச்சமும் அவர்களைத் தொற்றியது. ஆனால் அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உறங்குமுன் பெற்றோரும் பிள்ளையும் சிறு கணக்குக் கதைகளைச் சேர்ந்து வாசித்த வீடுகளில் பிள்ளைகள் முன்னேறினர். அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகளுக்கே அதனால் நன்மை மிகுதி.

பாடசாலையை வீட்டுக்குள் இரண்டாம் முறை நடத்த வேண்டியதில்லை. றாத்தல் பாணை அரையாகவும் காலாகவும் வெட்டும் கத்தியைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கட்டும். பாம்பும் ஏணியும் விளையாடுகையில் 27இல் நிற்கும் காய்க்கு 5 விழுந்தால், முதலில் கட்டங் கட்டமாக எண்ணுவாள். சில நாளில் மூன்று வைத்து முப்பதுக்குப் பாய்ந்து மேலும் இரண்டு வைப்பாள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். ஆங்கிலத்தில் மட்டும் எண்ணப் பழகும் கொழும்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் எண்களையும் பழக்குங்கள். "லெவன்" என்னுஞ் சொல்லில் பத்து மறைந்து கிடக்கின்றது. பதினொன்றில் பத்தும் ஒன்றும் காதுக்கே கேட்கின்றன.

இவ்வளவும் சொல்லும் நானும் குற்றவாளியே. முன்னொருநாள் என் மகனைப் பார்த்து "இதுகூடத் தெரியாதா?" என்று சீறிவிட்டேன். அதன்பின் நெடுங்காலம் அவன் விடையை அழித்துவிட்டே கொப்பியை நீட்டுவான். அழித்தழித்துத் துளை விழுந்த அத்தாள்களை இன்றும் வைத்திருக்கின்றேன்.

ஒழுங்கைச் சிறுமி வயிற்றுவலியை இன்னும் முற்றாக விடவில்லை. எனினும் சென்ற கிழமை கடையிலிருந்து வந்த இடியப்பப் பொட்டலத்தை அவிழ்த்தவள், தாயை உரத்து அழைத்தாளாம்: "இருபதுக்குக் காசு கொடுத்தீர்கள், அம்மா, இதில் பத்தொன்பதுதான் இருக்கிறது!"