உழைத்த உடம்புக்கு உட்கார்ந்த ஓய்வு ஏன் ஆகாது?

குளுவாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு வயது 68. முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறிய பிறகு, மகளோடு அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் இருக்கிறார். இப்போது நாற்காலியை விட்டு எழக் கையூன்ற வேண்டியிருக்கிறது. படி இறங்கப் பயந்து, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். “கொஞ்சம் நடங்கம்மா என்றால், ‘நான் நடந்த நடைக்குச் சிங்கப்பூருக்கு நூறு தடவை போய் வந்திருக்கலாம்டி, இனியாவது உட்கார விடு’ என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தானே?” என்று கேட்கிறார் வாசகி.

நியாயம்தான். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்று, மேட்டிலும் பள்ளத்திலும் நிரை பிடித்து மரம் வெட்டி, மங்குப் பாலை வாளியில் சேர்த்துக் காண்டா போட்டுச் சுமந்தவருக்கு உட்கார உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு? ஆனால் சம்பளத்தில் பிடித்து, 55 வயதில் எடுத்துச் செலவழிக்க வைத்திருக்கும் சேமநிதியைப் போன்றதல்ல தசை. இளமையில் சேர்த்த பலம் ஓரளவுக்குக் கைகொடுக்கும். உட்கார்ந்துவிட்டால் அதுவும் விரைவில் கரையும்.

ஏன் கரைகிறது என்று பார்ப்போம். நம் தசையின் ஒவ்வொரு இழைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அடுப்புகள் ஏராளமாக உண்டு. மைட்டோகாண்டிரியா என்பது அவற்றின் பெயர். நாம் உண்ணும் சோற்றையும் சுவாசிக்கும் பிராணவாயுவையும் கொண்டு தசைக்கு வேண்டிய சக்தியை உண்டாக்குபவை அவையே. உயிரணுவின் நடுவில் உள்ள மரபுப் பொருள் போதாதென்று, இவற்றுக்குச் சொந்தமாக 37 மரபணுக்கள் உண்டு. அவை தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகின்றன. வாசகியின் கால்களில் இன்று எரியும் அடுப்பு அவர் தாயார் தந்த சீர்தான்!

வயது ஏற ஏற இந்த அடுப்புகள் குறைகின்றன. இருப்பவையும் பழுதாகின்றன. பழைய விறகடுப்பைப் போலச் சூடு குறைந்து புகை அதிகமாகிறது. அந்தப் ‘புகை’ தசையையே அரிக்கிறது. பழுதான அடுப்பை இடித்து அகற்றும் வேலையும் உடம்பில் மந்தமாகிவிடுகிறது. அமெரிக்காவில் மேயோ மருத்துவ மையத்தின் ஸ்ரீகுமாரன் நாயர் (பெயரைப் பார்த்தாலே நமக்கு அண்டை வீட்டுக்காரர் என்று தெரிகிறது) குழுவினர், 18 முதல் 89 வயது வரையுள்ள 146 பேரின் தசையை ஆராய்ந்து, சக்தி உண்டாக்கும் திறன் வயதோடு படிப்படியாகக் குறைவதை 2005-இல் வெளியிட்டார்கள்.

அப்படியானால் எல்லாம் வயதின் குற்றமா? இல்லை. கடற்பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் சிங்கப்பூரிலும், இங்கிலாந்திலும், ஜமைக்காவிலுமாக 119 முதிய ஆண்களின் தசையைச் சோதித்த ஆய்வொன்று 2019-இல் வந்தது. தசை நலிந்தவர்களை, அதே வயதில் திடமாக இருப்பவர்களோடு ஒப்பிட்டார்கள். மூன்று நாடுகளிலும் ஒரே முடிவு: நலிந்தவர்களின் தசையில் அடுப்பு மங்கியிருந்தது. வயது ஒன்றுதான், அடுப்புத்தான் வேறு. நரம்புத் தளர்ச்சி, புரதக் குறைவு, நம்மவரை வாட்டும் இனிப்புநீர் ஆகியவற்றுக்கும் இந்த நலிவில் பங்குண்டு.

இனி நல்ல செய்தி. நாயர் குழுவினரே 2017-இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டார்கள். வேகமாகச் சைக்கிள் மிதிப்பதும் இடையிடையே இளைப்பாறுவதுமாக 12 வாரம் பயிற்சி தந்ததில், அடுப்பின் திறன் இளைஞர்களுக்கு 49 விழுக்காடு கூடியது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கோ 69 விழுக்காடு! உழைப்புக் கேட்டால் தசை புது அடுப்புக் கட்டிக்கொள்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு பறக்க வேண்டாம். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் காட்டிக்கொள்ள வேண்டும்.

செம்பனை மாத்திரை பற்றியும் சிலர் கேட்கிறார்கள். மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்பனை எண்ணெயிலிருந்து பிரித்த வைட்டமின் ஈ வகையொன்றை முதிர்ந்த தசை அணுக்களில் இட்டு, அவை சற்றே புத்துயிர் பெறுவதைக் கண்டது உண்மை. அது ஆய்வுக்கூடத் தட்டில் நடந்த சோதனை. அதை நம்பிக் காசைக் கொட்டுவதைவிட, தினமும் ஒரு முட்டையோ, பருப்போ, நெத்திலியோ, தெம்பேயோ கூடுதலாகச் சாப்பிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வாசகி வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலியைச் சுவரோடு போடுங்கள். தாயார் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 5 முறை எழுந்து உட்காரட்டும். பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால், தசை நலிவு இருக்கக்கூடும் என்பது ஆசிய மருத்துவர் குழு 2019-இல் வகுத்த அளவு. கையூன்றாமல் எழவே முடியாவிட்டால் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சோதனையே மருந்தும் ஆகும். முதல் வாரம் கையூன்றியே எழட்டும். பிறகு ஒற்றைக் கை, பிறகு கையில்லாமல். படியில் முதலில் ஒரு மாடி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு.

68 வயதில் இதெல்லாம் பலிக்குமா என்று தாயார் கேட்டால், பாஸ்டன் நகர முதியோர் இல்லத்துக் கதையைச் சொல்லுங்கள். 86 முதல் 96 வயதான 10 பேரைக் காலால் எடை தூக்க வைத்தார்கள். எட்டு வாரத்தில் கால் பலம் சராசரி 174 விழுக்காடு கூடியது. 1990-இல் வெளிவந்த செய்தி இது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அந்தப் பலத்தில் 32 விழுக்காடு போய்விட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

“நடங்கம்மா” என்று சொன்னால்தானே அவருக்குக் கோபம் வருகிறது? மாலையில் தொலைக்காட்சித் தொடருக்கு நடுவே விளம்பரம் வரும்போதெல்லாம், நீங்களும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அவரோடு சேர்ந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். எண்ணும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.