கருந்திரையும் கட்டளைச் சொற்களும்



கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அன்னை எழுதியுள்ளார். கல்லூரியில் முதலாண்டு பயிலும் அவருடைய மகன், விடுமுறைக்கு வீடு வந்த நாள் முதலாய், இரவில் கணிப்பொறியின் முன் அமர்ந்து, படம் ஏதுமற்ற கருந்திரையில் வெள்ளெழுத்துகளைத் தட்டிக்கொண்டிருக்கிறானாம். கேட்டால், "எங்கோ இருக்கிற கம்ப்யூட்டருக்குள் போகப் பழகுகிறேன், அம்மா" என்கிறானாம். திரைப்படங்களில் கணிப்பொறித் திருடர் செய்வதும் இதுதானே, பிள்ளை தவறான வழியில் செல்கிறானோ என்பது தாயின் கவலை. கவலைக்குக் காரணமில்லை, கவனத்திற்குக் காரணமுண்டு. ஆகவே இத்திங்கள் இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

தொலைவிலுள்ள கணிப்பொறியைத் தட்டெழுத்துக் கட்டளைகளால் இயக்குவது புதுமையன்று. இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் அமைக்கப்பட்ட நோக்கங்களுள் அதுவே தலையாயது. 1969 அக்டோபர் 29 அன்று இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் சார்லி கிளைன் என்பவர், சுமார் 350 மைல் தொலைவிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணிப்பொறிக்குள் நுழைய முயன்றார். 'லாகின்' என்னும் சொல்லைத் தட்டத் தொடங்கினார். 'எல்' சென்றது, 'ஓ' சென்றது, அடுத்த எழுத்தில் எதிர்முனைக் கணிப்பொறி செயலிழந்து நின்றது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே உள்ளே நுழைய முடிந்தது. முதன்முதலாகப் பழகுவோர் இதனை நினைவிற்கொண்டால் சோர்வு தோன்றாது.

நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் தொடங்கிற்று. அன்று மாணவர்க்கென 500 ரூபாயில் ஒரு கணக்கு வழங்கப்பட்டது. அதில் படம் கிடையாது, எழுத்து மட்டுமே. தொலைபேசி வழியாக நிறுவனத்தின் கணிப்பொறியை அழைத்து, அதற்குள் நுழைந்து, அங்கிருந்தே கடிதம் எழுதவும் படிக்கவும் வேண்டும். எளியவர்க்குக் கிடைத்த குறைந்த வசதியே அவர்களை அத்தொழிலில் வல்லவராக்கிற்று என்று நான் நினைப்பதுண்டு.

எழுத்தின் சிறப்பு அதன் எடையின்மை. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் ஒரு மூட்டை ஏற்ற இடமில்லாத நாளிலும், நடத்துநரிடம் ஒரு சீட்டைக் கொடுத்தனுப்ப இயலும் அல்லவா? அதுபோன்றதே இதுவும். ஓர் எழுத்தைத் தட்டினால், உறையும் முகவரியும் சேர்த்துச் சுமார் நூறு எழுத்தளவே கம்பியில் செல்கிறது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் வகுப்புகள் இணையவழி நடந்தபோது, மலைக் கிராமத்துப் பிள்ளைகள் குறிப்பலை தேடி மேட்டுக்கு மேடு அலைந்ததை நாம் அறிவோம். ஆசிரியரின் முகத்தைக் கொண்டுவர இயலாத அந்த மெலிந்த குறிப்பலை, கட்டளைச் சொற்களைச் சுமக்கப் பெரும்பாலும் போதும்.

இனி, அந்த மாணவன் செய்வது யாது? எஸ்.எஸ்.எச். என்னும் மூன்று எழுத்துகளைத் தட்டுகிறான். ஓர் இடைவெளி விட்டு, எதிர்முனைக் கணிப்பொறியில் தனக்கு வழங்கப்பட்ட பெயரையும், அதனையடுத்து 'அட்' குறியையும், அக்கணிப்பொறியின் முகவரியையும் எழுதுகிறான். அவ்வளவே. இதற்கு முன் டெல்நெட் என்றொரு முறை வழக்கில் இருந்தது. அது அஞ்சலட்டையைப் போன்றது. கடவுச்சொல்லும் திறந்தபடியே செல்லும், இடையிலிருப்பவர் எவரும் படிக்கலாம். பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவ்வாறு கடவுச்சொற்கள் களவாடப்பட்டதன் விளைவாக, டாட்டு இலோனென் என்பவர் 1995-இல் எஸ்.எஸ்.எச். முறையை வகுத்தார். இது ஒட்டிய உறை.

முதன்முறை இணையும்போது திரையில் ஒரு வினா எழும். "இக்கணிப்பொறியை நான் இதற்குமுன் கண்டதில்லை, இதன் விரல் ரேகை இது, நம்பலாமா?" என்பது அதன் பொருள். பதிவாளர் அலுவலகத்தில் கைநாட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது போல, கணிப்பொறியின் பொறுப்பாளரிடம் கேட்டு ஒப்பிட்டபின் 'யெஸ்' என்று எழுதுவதே முறை. ஆனால் பலர் படியாமலே 'யெஸ்' என்று தட்டிவிடுகின்றனர். படியாமல் பத்திரத்தில் கையெழுத்திடும் நம் பழக்கம் இங்கும் தொடர்கிறது! மறுமுறை அதே ரேகை மாறியிருப்பதாக எச்சரிக்கை வந்தால், காரணம் தெரியும்வரை மேற்செல்லலாகாது.

அடுத்துக் கடவுச்சொல் கேட்கப்படும். தட்டும்போது திரையில் எழுத்தோ புள்ளியோ தோன்றாது. விசைப்பலகை பழுதாயிற்று என்று புதியவர்கள் கலங்குவது இவ்விடத்தில்தான். பழுதன்று, அருகிலிருப்பவர் எழுத்துகளை எண்ணாதிருக்கும் பொருட்டுச் செய்த ஏற்பாடு. பழகியபின் கடவுச்சொல்லை விடுத்து இரட்டைத் திறவுகோலுக்கு மாறுவது நன்று. ஒரு பாதி எதிர்முனையில் வைக்கப்படும், அதை யாரும் காணலாம். மறு பாதி நம் கணிப்பொறியை விட்டு வெளியேறவே கூடாது. நண்பன் கேட்டான் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது வீட்டுச் சாவியைச் சந்தையில் விட்டு வருவதற்கு ஒப்பாகும்.

குறிப்பலை அறுந்தால் என்ன ஆகும்? மலைப்பகுதியில் இது முதல் வினாவாகவே இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால், நடந்துகொண்டிருந்த வேலையும் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு மாற்றாக 'ஸ்கிரீன்' அல்லது 'டிமக்ஸ்' என்னும் நிரலை எதிர்முனையில் முதலில் தொடங்கி, அதற்குள் வேலையைச் செய்ய வேண்டும். பிறகு இணைப்பு போனாலும் வேலை போகாது. உழவர் மோட்டாரை ஓடவிட்டு வீட்டிற்கு வந்து உணவருந்துவது போல, நாம் இல்லாதபோதும் கணக்கு அங்கே ஓடிக்கொண்டிருக்கும். மறுநாள் நுழைந்து, விட்ட இடத்தில் தொடரலாம். இதனைப் பாடத்தின் இறுதியில் கற்பிக்கிறார்கள். நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இது தொடக்கத்திலேயே கற்பிக்கப்பட வேண்டும்.

இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' என்னும் மீக்கணிப்பொறி தொடங்கிவைக்கப்பட்டது. வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் வரை செய்யும் ஆற்றலுடையது அது. இத்தகைய பொறிகளின் முன் நாற்காலியிட்டு அமர்ந்து எவரும் பணியாற்றுவதில்லை. ஆய்வாளர்கள் தத்தம் இடத்திலிருந்து இதே கருந்திரை வழியாகவே வேலையை ஒப்படைக்கின்றனர். வங்கி, மருத்துவமனை, இருப்புப்பாதை ஆகியவற்றின் கணிப்பொறிகளைப் பேணுவோரின் அன்றாடத் தொழிற்கருவியும் இதுவே. வேலைக்காக ஊரைவிட்டுப் பெயர்வதே விதி என்றிருக்கும் குடும்பங்களுக்கு, ஊரிலிருந்தே செய்யத்தக்க தொழில் ஒன்றின் முதற்படி இது.

அன்னை அஞ்சியதற்கும் விடை கூற வேண்டும். தனக்கு அனுமதியில்லாத கணிப்பொறிக்குள் தீய எண்ணத்துடன் நுழைவது, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி, மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ பெறத்தக்க குற்றம். ஆகவே மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "அந்தக் கணிப்பொறி யாருடையது? உனக்கு அனுமதி தந்தவர் யார்?" கல்லூரி ஆய்வுக்கூடம் என்றோ, தன்னுடைய பழைய கணிப்பொறி என்றோ அவன் தயங்காமல் கூறினால் போதும். வெளியே செல்லாமலும் பழகலாம், எஸ்.எஸ்.எச். சேவையை இயக்கிவிட்டு, 'லோக்கல்ஹோஸ்ட்' என்னும் முகவரியைக் கொடுத்தால், தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி நுழைவது போலத் தன் கணிப்பொறிக்குள்ளேயே நுழையலாம்.

அவனுக்கும் ஒரு சொல். இரண்டு கருந்திரைகள் அருகருகே இருக்கையில், எது வீடு, எது எதிர்முனை என்பது எளிதில் மறந்துபோகும். 'ஆர்.எம்.' என்னும் கட்டளை கோப்புகளை அழித்துவிடும். மீட்டெடுக்கக் குப்பைக்கூடையும் அங்கில்லை. அதனைத் தட்டுமுன் 'ஹோஸ்ட்நேம்' என்று தட்டினால், தான் நிற்கும் கணிப்பொறியின் பெயரை அதுவே கூறும். வேலை முடிந்ததும் 'எக்ஸிட்' என்று எழுதி வெளியேறிவிட்டு, மீண்டும் ஒருமுறை 'ஹோஸ்ட்நேம்' கேட்டுப் பார்க்கட்டும். வீட்டுக் கணிப்பொறியின் பெயர் திரையில் தோன்ற வேண்டும்.