கறுப்புத் துணிக்குள் இருப்பவர்

1858இல் லின்னேயஸ் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையைத் துண்டுதுண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒன்றாக்கினார். அதைச் சிலாகிக்க நமக்குச் சலிப்பதேயில்லை. ஆனால் அத்தகைய பெரிய பெட்டிக் கேமராவை நம்மூர்க் கடைத்தெரு ஸ்டுடியோவில் இயக்கிய முதியவரை ஒருமுறையேனும் தேடிப் போயிருக்கிறோமா? கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் முகத்தைத் துலக்கி, இருட்டறையில் ஓரவெட்டை விரலால் தடவியே பிலிமின் பக்கத்தை அறிந்து, நெகட்டிவில் பென்சிலால் சுருக்கம் நீக்கிய கை அது. கூத்துக் கலைஞரைக் கொண்டாடிய நாம் இவரைப் 'போட்டோக்காரர்' என்று ஒதுக்கினோம். 4x5 அங்குலப் பிலிமோடு தனியே மல்லுக்கட்டும் இளைஞர்களும் இங்குண்டு. அவர்களை அவரிடம் அழைத்துச் செல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்த ஞாயிற்றையும் ட்ரைப்பைப் பற்றிப் பேசியே கழிக்கிறோம்.