பார்த்து எழுதுதலும் படித்து எழுதுதலும்

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்த ரிச்சர்ட்ஸ் டவுனில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பணிமாற்றத்தால் அண்மையில் வந்து குடியேறியோரும் உண்டு. மார்கழியில் அவர்களுடைய வாசல்களில் புள்ளிக் கோலங்களைக் காணலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இடம் சுருங்கும்போது கோலமும் சுருங்கிக் கதவோரம் ஒதுங்கும். கோலம் கற்றவர்கள் பெரும்பாலும் அண்டை வீட்டு வாசலைப் பார்த்தும், அத்தையின் கோல நோட்டைப் புரட்டியுமே கற்றனர். அந்நோட்டில் கோலத்தின் அடியில் ‘15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை’ என்பது போன்ற குறிப்பொன்று இருக்கும். நடுவரிசையில் 15 புள்ளி வைத்து, இருபுறமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து, 8இல் நிறுத்த வேண்டும் என்பது அதன் பொருள். கோட்டை மட்டும் பார்த்து வரைந்த சிறுமிக்கு அந்த ஒரு கோலமே வரும். குறிப்பைப் படிக்கத் தெரிந்தவளோ 15ஐ 11ஆகவும் 8ஐ 6ஆகவும் மாற்றிச் சிறிய வாசலுக்கு ஏற்ப அதே கோலத்தை அமைத்துவிடுவாள்.

கணினியில் தரவுகளை வரைபடமாக்கக் கற்கும் மாணவருக்கும் இவ்வழியே ஏற்றது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 12ஆம் வகுப்பு இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ் பாடத்தில் பைத்தான் மொழியும், மேட்பிளாட்லிப் என்னும் வரைபட நிரல் தொகுப்பும் இடம்பெறுகின்றன. கோட்டு வரைபடம், பட்டை விளக்கப்படம், ஹிஸ்டோகிராம் ஆகியவற்றை வரைந்து, தலைப்பும் அச்சுகளின் பெயர்களும் குறிவிளக்கமும் சேர்த்துத் தனக்கு வேண்டியவாறு திருத்தியமைக்க மாணவர் கற்க வேண்டும். பாடநூல் சில கட்டளைகளைச் சொல்லித்தரும். ஆனால் உண்மையான தரவைக் கையில் எடுத்த மறுகணமே அவை போதாமற்போகும். மாதப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். குறிவிளக்கம் கோட்டை மறைக்கும். அப்போது மாணவர் செல்லத்தக்க இடம், இத்தகைய படத்தை முன்பே வரைந்த ஒருவரின் நிரல்தான்.

அவ்வாறு செல்வதைக் குற்றமாகக் கருதும் வழக்கம் பள்ளிகளில் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. ஒரு வகுப்பின் 40 செய்முறை ஏடுகளிலும் ஒரே படம், ஒரே நிறம், ஒரே எழுத்துப்பிழை காணப்படுமாயின் எந்த ஆசிரியருக்கும் சினம் எழும். இப்போது கேட்டவுடன் நிரலை எழுதித்தரும் செயலிகளும் வந்துவிட்டன. ஆயினும் இங்கே கண்டிக்கத்தக்கது பிறர் நிரலை எடுத்தது அன்று. அதைப் படிக்காமல் எடுத்ததே. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணித் தடைசெய்தால், வீட்டில் கணினி அறிந்தவர் எவரும் இல்லாத மாணவரே பெரிதும் பாதிக்கப்படுவார். மற்றவருக்கு அண்ணனோ அக்காவோ அருகிலிருந்து சொல்லித்தருவர். அந்த மாணவருக்கு முன்பின் அறியாத ஒருவர் எழுதி வைத்த நிரலன்றி வேறு துணை இல்லை.

மேட்பிளாட்லிப் பிறந்த கதையும் இதற்குச் சான்றாகும். அதனை உருவாக்கிய ஜான் ஹண்டர் கணினித் துறையினர் அல்லர், நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்வதற்காக அதை எழுதத் தொடங்கினார். மேட்லேப் என்னும் மென்பொருளில் தாம் பழகியிருந்த கட்டளை முறையை ஒட்டியே தம் கட்டளைகளை அமைத்தார். 2003இல் வெளியான அத்தொகுப்பு அனைவர்க்கும் பொதுவாக வழங்கப்பட்டது. 2012இல் ஹண்டர் மறைந்த பின்னரும் பிறர் அதை வளர்த்து வருகின்றனர். அதனுடன் மாதிரிப் படங்களின் பெருந்தொகுப்பு ஒன்றும் உள்ளது. ஒவ்வொரு படத்தின் கீழும் அதனை வரைந்த நிரல் முழுவதும் தரப்பட்டிருக்கும். எடுத்துப் பார்த்துக் கற்பதற்கென்றே வைக்கப்பட்டதை எடுத்தல் எங்ஙனம் திருட்டாகும்?

படித்து எடுத்தல் என்றால் என்ன என்பதற்கு மழையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ரிச்சர்ட்ஸ் டவுனில் வாழும் ஒரு மாணவி, தன் ஊரான பெங்களூரின் மழையையும் பாட்டியின் ஊரான சென்னையின் மழையையும் மாதவாரியாக ஒப்பிட விரும்புகிறாள் எனக் கொள்வோர் இதை எளிதில் உணர்வர். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகும். மே மாதத்திலும் கோடை மழை உண்டு. சென்னையிலோ வடகிழக்குப் பருவமழை நவம்பரில் உச்சத்தை எட்டும். பாட்டி வீட்டுத் தெருவில் வெள்ளம் என்று தொலைபேசியில் செய்தி வரும் மாதம் அதுவே. மாணவி ஒரு மாதிரி நிரலை எடுத்து, எண்களை மட்டும் மாற்றி, இரு பட்டை விளக்கப்படங்களை அருகருகே வரைகிறாள். படம் அழகாகவே வருகிறது. ஆனால் அதில் பெங்களூரின் செப்டம்பர்ப் பட்டையும் சென்னையின் நவம்பர்ப் பட்டையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன. உண்மையில் முன்னது சராசரியாக 200 மில்லிமீட்டரை ஒட்டியது. பின்னது 350ஐத் தாண்டுவது.

எண்களில் பிழை இல்லை. நிரலும் பிழையின்றி ஓடியது. ஒவ்வொரு படத்தின் நெடுக்கை அச்சையும் அதனதன் தரவுக்கு ஏற்பத் தானே அமைத்துக்கொள்வது அத்தொகுப்பின் இயல்பு. மாதிரி நிரலை எழுதியவர் வெப்பத்தையும் காற்றின் விரைவையும் அருகருகே வைத்திருக்கலாம். அவருக்கு அளவுகள் வேறுபடுவதே தேவை. மழையோடு மழையை ஒப்பிடும் இவளுக்கோ இரு படங்களுக்கும் ஒரே அளவுகோல் தேவை. ‘ஷேர்ஒய்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தால் அது கிடைத்துவிடும். அச்சொல்லை மனப்பாடம் செய்வதால் பெரும்பயன் இல்லை. மாதிரி நிரலின் ஒவ்வொரு வரியும், எழுதப்படாது விட்ட வரியும்கூட, யாரோ தம் தேவைக்காகச் செய்த ஒரு முடிவு என்று அறிவதே பயன். வரைபடத்தைத் திருத்தியமைத்தலை அலங்காரம் என்று எண்ணி 2 மதிப்பெண்ணுக்குரிய வேலையாக ஒதுக்குவோர் இதனைக் கருத வேண்டும். அளவுகோல் மாறினால் படம் சொல்லும் செய்தியே மாறிவிடுகிறது.

நிறமும் அவ்வாறே. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர், சிறப்பாக ஆண்களிடையே, பலர் உளர். மேட்பிளாட்லிப்பின் 2.0 பதிப்பு 2017இல் வெளிவந்தபோது, அத்தகையோரும் வேறுபாடு காணத்தக்க நிறவரிசை இயல்பாக வைக்கப்பட்டது. பழைய நிரலை அப்படியே எடுப்பவர் அதில் எழுதப்பட்டுள்ள பழைய நிறங்களையும் உடன் எடுத்துக்கொள்கிறார்.

ஆகவே மதிப்பிடும் முறைதான் மாற வேண்டும். அண்மை ஆண்டுகளின் பாடத்திட்டப்படி இப்பாடத்தின் 30 மதிப்பெண் செய்முறைத் தேர்வில் வாய்மொழித் தேர்வுக்கு 5 மதிப்பெண் உண்டு. மேட்பிளாட்லிப் என்றால் என்ன என்று அங்கே கேட்பதில் பயன் சிறிது. ‘இந்த வரியை நீக்கினால் படம் எப்படி மாறும்? இதனை யாரிடமிருந்து எடுத்தாய்? எடுத்ததில் எதனை மாற்றினாய், ஏன்?’ என்று கேட்கலாம். செயலி எழுதித்தந்த நிரலுக்கும் இவை பொருந்தும். யாரிடமிருந்து என்ற வினா சிறுமைப்படுத்துவதற்கானது அன்று. நிரலின் தலைப்பில் ஒரு குறிப்பாக மூலத்தை எழுதிவைப்பது மென்பொருள் எழுதுவோரிடையே இயல்பான வழக்கமே. 2020இல் தன்னார்வலர்கள் நடத்திய கோவிட்19இந்தியா தளம், மாநிலங்களின் அறிக்கைகளைத் திரட்டி வரைபடங்களாக நாள்தோறும் தந்தது. தன் நிரலையும் தரவையும் அது யாவர்க்கும் திறந்தே வைத்திருந்தது. 2021 அக்டோபர் 31இல் அத்தளம் நிறுத்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ இளைஞர்கள் அதனைப் படித்துத் தங்கள் மாவட்டத்திற்கான படங்களை வரையக் கற்றிருந்தனர்.

பிறர் நிரல் உதவாத இடமும் ஒன்று உண்டு. அது தமிழ் பயிலும் மாணவருக்கே உரியது. மேற்சொன்ன மாணவி தன் படத்திற்குத் தமிழில் பெயரிட முனைந்தால் முதலில் கிடைப்பவை வெற்றுக் கட்டங்களே. தொகுப்போடு வரும் டெஜாவூ எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் குறிப்பிட்டால் எழுத்துகள் தோன்றும். ஆனால் ‘சென்னை’ சிதையும். சகரத்தின் முன் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு அதன் பின்னே போய் அடுத்துள்ள னகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘பெங்களூரு’வும் அவ்வாறே குலையும். இரு நகரங்களின் பெயர்களும் கொம்பில் தொடங்குவது அவளுடைய கெட்டகாலம்! எழுத்துகளை இடமறிந்து கோக்கும் திறன் அத்தொகுப்புக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. மாதிரி நிரல்களை எழுதியோரில் மிகப் பலர் ஆங்கிலத்திலேயே பெயரிட்டதால் அவர்களுக்கு இக்குறை தென்பட வாய்ப்பில்லை.

பலர் இவ்விடத்தில் சலித்து ஆங்கிலத்திற்குத் திரும்பிவிடுவர். அங்ஙனம் திரும்பத் தேவையில்லை. படத்தை எஸ்விஜி வடிவில் சேமித்து, எழுத்துகளைக் கோடுகளாக மாற்றாமல் எழுத்துகளாகவே விட்டுவைக்குமாறு ‘எஸ்விஜி.ஃபான்ட்டைப்’ என்னும் அமைப்பை ‘நன்’ என்று மாற்றினால் போதும். அப்படத்தை உலாவியில் திறக்கும்போது, தமிழை முறையாகக் கோக்கத் தெரிந்த உலாவியே கொம்பை அதன் இடத்தில் நிறுத்திவிடும். இந்த ஒரு வரியை அறிந்த மாணவி அதன் மேலே, இது எதற்காக என்று தமிழில் ஒரு குறிப்பெழுதித் தன் நிரலைப் பள்ளியின் கணினியில் விட்டுச்செல்லலாம். அடுத்த ஆண்டு மழையையோ மக்கள்தொகையையோ தமிழில் வரைய வரும் மாணவருக்கு எடுத்துப் படிக்க அப்போது ஒரு நிரல் இருக்கும்.