பழைய படகு வாங்கலாமா?

எங்க அப்பா ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியிருக்கிறார். "ஓட்டைப் படகுக்குக் கடன் வேறயா?" என்று தெருவே சிரிக்கிறது. என் கருத்து வேறு. ஃபைபர், மரம் மாதிரி உளுத்துப் போகாது. வெடித்த இடத்தை நல்லாத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுசாகக் காயவிட்டு, மேட் வைத்து ரெசின் பூசினால் கெட்டியாகப் பிடிக்கும். ஈரத்தோடு பூசினால் உரிந்து வந்துவிடும். அவசரக்காரருக்கு இரண்டு செலவு!

பெயர் எழுதுவது, பூ வரைவது, இதில் மிச்சம் பிடிக்கலாம். மீன் என்ன எழுத்துக்கூட்டிப் படிக்கவா போகிறது? ரெசினிலும் லைஃப் ஜாக்கெட்டிலும் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. அப்பாவோ, "ஜாக்கெட் அடுத்த வருஷம் பார்ப்போம்" என்கிறார். பெயின்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் அதைத்தான் முதலில் வாங்கணும் என்கிறேன். அம்மாவும் என் கட்சி. அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு